கடலோரச் சாலைப் பயணத்தில் மலையேற்றம், கூடாரம், ஸ்கூபா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையேற்றத்துக்குத் திட்டமிடத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள்; முதுகில் காற்று டேங்கைச் சுமந்து கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபா டைவிங்குக்குத் திட்டமிடத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே காரில் ஏற்றிக்கொண்டு கடலோரமாகக் கிளம்பும்போதுதான் எது முன்னால், எது பின்னால் என்ற சிக்கல் எழுகிறது. கீழே உள்ள கேள்விகளில் பாதி அந்த ஒரு சிக்கலைச் சுற்றியே வருகின்றன.

எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் அடக்க எத்தனை நாள் தேவைப்படும்?

பத்து நாள் இருந்தால் நிம்மதியாகச் செய்யலாம். எட்டு நாளில் இழுத்துப் பிடித்து முடிக்கலாம். அதற்கும் குறைவாக இருந்தால் மலை, கடல் இரண்டில் ஒன்றை விட்டுவிடுவதே என் பரிந்துரை. நாள் கணக்குப் போடும்போது பலரும் ஓட்ட வேண்டிய தூரத்தை மட்டும் பார்க்கிறார்கள். உண்மையில் நாட்களை விழுங்குபவை வேறு: மலையிலிருந்து இறங்கிய உடலுக்கு ஒரு நாள் ஓய்வு, கடல் கலங்கியிருந்தால் காத்திருக்க ஒரு நாள், கடைசி டைவுக்குப் பிறகு உயரமான இடத்துக்கும் விமான நிலையத்துக்கும் போகாமல் கழிக்க வேண்டிய ஒரு நாள். இந்த மூன்றையும் முதலிலேயே எழுதி வைத்துவிட்டு, மிஞ்சிய நாட்களை மலைக்கும் கடலுக்கும் பங்கிட்டுக்கொண்டால் கணக்கு உதைக்காது.

மலையேற்றமா, டைவிங்கா, எதை முதலில் வைப்பது?

மலை முதலில், கடல் பின்னால். வசதிக்காகச் சொல்லப்படும் யோசனை அன்று இது. உடலில் கரையும் நைட்ரஜனின் கணக்கு இது.

கடல் மட்டத்தில் நம்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. நீருக்குள் இறங்கும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ இன்னொரு வளிமண்டலம் கூடுகிறது. 18 மீட்டர் ஆழத்தில் இருப்பவர் கரையில் சுவாசிப்பதைப் போல 2.8 மடங்கு அழுத்தத்தில் காற்றைச் சுவாசிக்கிறார். அந்தக் காற்றிலுள்ள நைட்ரஜன், அழுத்தத்துக்கு ஏற்ற அளவில் இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்துகொண்டே போகிறது. மேலே வரும்போது அது அப்படியே வெளியேறிவிடுவதில்லை. நுரையீரல் வழியாக மணிக்கணக்கில், சில சமயம் ஒரு நாள் வரைகூட, மெல்ல மெல்லத்தான் வெளியேறுகிறது. சுற்றியுள்ள அழுத்தம் அதைவிட வேகமாகக் குறைந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததும் குமிழி கிளம்புவதைப் போலத் திசுக்களிலும் இரத்தத்திலும் குமிழிகள் உண்டாகின்றன. அதுவே அழுத்த நீக்க நோய். டைவிங் செய்பவர்கள் பேச்சில் ‘பெண்ட்ஸ்’.

நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் மெதுவாக மேலேறுவதும், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்பதும் இதைத் தவிர்ப்பதற்காகத்தான். ஆனால் இந்தக் கட்டுப்பாடுகள் எல்லாம் நீங்கள் கடல் மட்டத்துக்குத் திரும்பி அங்கேயே இருப்பீர்கள் என்ற அனுமானத்தில் வகுக்கப்பட்டவை. 2,400 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அங்கே போகிறவருடைய உடலைப் பொறுத்தவரை டைவ் இன்னும் முடியவில்லை. அவர் இன்னும் மேலேறிக்கொண்டே இருக்கிறார். 1908இல் உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேனும் அவருடைய சகாக்களும் ஆடுகளை வைத்துச் சோதித்து முதல் அழுத்த நீக்க அட்டவணைகளை வெளியிட்டார்கள். அழுத்தம் ஒரு வரம்பு வரை குறைந்தால் உடல் தாங்கும், அதைத் தாண்டிச் சட்டென்று குறைந்தால் தாங்காது என்பதே அவர்கள் கண்டது. கணக்குகள் பின்னால் எவ்வளவோ மாறியிருந்தாலும் அந்த அடிப்படை மாறவில்லை.

மலையை முதலில் வைத்தால் இந்தச் சிக்கல் எதுவுமே எழாது. மலையில் இருந்துவிட்டுக் கடலுக்கு வருகிறவரின் உடலில் நைட்ரஜன் குறைவாகத்தான் இருக்கும்.

நான் விமானத்தில் போகவில்லையே, காரில்தான் போகிறேன். எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். உயரம் விமானத்தால் வந்ததா, சாலையால் வந்ததா என்று இரத்தத்துக்குத் தெரியாது. பரவலாகப் பின்பற்றப்படும் காத்திருப்பு நேரங்கள் இவை: அழுத்த நீக்க நிறுத்தம் (மேலேறும் வழியில் கட்டாயமாக நின்று நைட்ரஜனை வெளியேற்றுவது) தேவைப்படாத ஒரே ஒரு டைவ் செய்திருந்தால் குறைந்தது 12 மணி நேரம்; ஒரே நாளில் பல முறையோ தொடர்ந்து பல நாட்களோ டைவ் செய்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம்; நிறுத்தம் தேவைப்பட்ட டைவ் என்றால் அதைவிடக் கணிசமாகக் கூடுதல். இவை விமானப் பயணத்துக்காக, கேபினுக்குள் ஏறத்தாழ 600 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்கு உரிய அழுத்தம் இருக்கும் என்ற கணக்கில் வகுக்கப்பட்டவை. சாலைப் பயணத்துக்கு நான் எப்போதும் 24 மணி நேரம் என்றே வைத்துக்கொள்கிறேன். நினைவில் வைக்க எளிது, மாலையில் வாதாடவும் வேண்டியதில்லை.

கடலும் உயர்ந்த மலையும் அருகருகே இருக்கும் தீவுகளில்தான் இந்தப் பிழை மிக எளிதாக நேர்கிறது. ஹவாயின் மவுனா கியா 4,207 மீட்டர் உயரமுள்ளது. கடற்கரையிலிருந்து உச்சி வரை ஒரே நாளில், அதுவும் சில மணி நேரத்தில், வண்டியிலேயே போய்விடலாம். அதனால்தான் டைவிங் செய்து 24 மணி நேரம் ஆகாதவர்கள் மேலே போகக் கூடாது என்று அங்கே எச்சரிக்கிறார்கள். ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் 3,715 மீட்டர் உயரமுள்ள டெய்டேயின் மேற்பகுதிக்குக் கம்பிவட ஊர்தி போகிறது. காலையில் டைவ், மாலையில் மலையுச்சியில் சூரிய அஸ்தமனம் என்று இரண்டு அழகான காரியங்களை ஒரே நாளில் சேர்க்கத் தூண்டும் இடங்கள் இவை. சேர்க்கக் கூடாது.

இவ்வளவு உயரமான மலைதான் என்றில்லை. ஒரு பயணத்தில் இரண்டாவது டைவ் முடிந்து படகில் உபகரணங்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பயிற்றுநர் சாதாரணமாக, “இன்று இரவு எங்கே தங்குகிறீர்கள்?” என்று கேட்டார். அடுத்த விரிகுடாவில் இருக்கும் முகாமின் பெயரைச் சொன்னேன். அவர் என் தொலைபேசியை வாங்கி, வரைபடத்தில் ஈர விரலால் பாதையைத் தொட்டுக்கொண்டே போய், ஓர் இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கினார். அடுத்தடுத்துக் கொண்டை ஊசி வளைவுகள். அவற்றின் முடிவில் ஒரு கணவாய். உயரம் 1,400 மீட்டர் என்று எழுதியிருந்தது. புறப்படும் இடமும் கடல் மட்டம், சேரும் இடமும் கடல் மட்டம் என்பதால் நடுவில் சாலை எங்கே ஏறுகிறது என்று நான் பார்க்கவே இல்லை. அன்று இரவு அங்கேயே தங்கினோம். டைவ் நாட்களுக்கு அடுத்து வரும் ஒவ்வொரு சாலைப் பகுதிக்கும், தூரத்தோடு சேர்த்து அதன் மிக உயர்ந்த புள்ளியையும் குறித்துக்கொள்ளுங்கள். 300 மீட்டருக்குக் கீழே இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. அதற்கு மேல் என்றால் டைவ் மையத்தில் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

டைவ் முடித்த அன்றே கடலோரக் குன்றுகளில் நடக்கலாமா?

உயரம் குறைவாக இருந்தாலும், மூச்சிரைக்கும் நடையை அன்று தவிர்ப்பது நல்லது. டைவுக்குப் பிறகான கடும் உழைப்பு குமிழிகள் உருவாவதை ஊக்குவிக்கக்கூடும். சமதளக் கடற்கரையில் காலாற நடப்பதில் தவறில்லை. கனமான பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செங்குத்தான படிகளில் ஏறுவதுதான் வேண்டாம்.

இதில் அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. அழுத்த நீக்க நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் தோளிலோ முழங்காலிலோ வரும் மந்தமான வலி. முந்தைய நாள் 15 கிலோ சுமந்து 20 கிலோமீட்டர் நடந்தவருக்குத் தோளும் முழங்காலும் ஏற்கெனவே வலித்துக்கொண்டிருக்கும். டைவுக்குப் பிறகு வரும் வலி எதனுடையது என்று அவராலும் சொல்ல முடியாது, மருத்துவராலும் எளிதில் பிரித்தறிய முடியாது. மலைக்கும் கடலுக்கும் இடையில் ஒரு முழு நாள் ஓய்வு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது முக்கியமாக இதற்காகத்தான். மலையில் இழந்த நீர்ச்சத்தும் அந்த ஒரு நாளில் திரும்பக் கிடைத்துவிடும்.

எனக்கு டைவிங் சான்றிதழ் இல்லை. வழியில் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும், ஆனால் அதற்கான நாட்களை ஒதுக்க வேண்டும். அடிப்படைப் பயிற்சி பொதுவாக மூன்று அல்லது நான்கு நாட்கள் எடுக்கும். பாடமும் நீச்சல்குளப் பயிற்சியும் முடிந்த பிறகு திறந்த நீரில் நான்கு டைவ்கள் செய்ய வேண்டும். தேறியவர்களுக்கு 18 மீட்டர் வரை செல்ல அனுமதி. பாடப் பகுதியை வீட்டிலிருந்தே இணையத்தில் முடித்துக்கொண்டு, குளப் பயிற்சியையும் உள்ளூரிலேயே பெற்றுவிட்டால், பயணத்தில் இரண்டு நாள் போதும்.

அதுவும் வேண்டாம், ஒரு முறை பார்த்தால் போதும் என்பவர்கள் பயிற்றுநரின் நேரடிப் பிடியில் அதிகபட்சம் 12 மீட்டர் வரை அறிமுக டைவ் செய்யலாம். உயரத்துக்குப் போகும் முன் காத்திருக்கும் விதி அவர்களுக்கும் உண்டு. மருத்துவக் கேள்வித்தாளில் ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு ‘ஆம்’ என்று பதில் சொல்ல நேர்ந்தால், மருத்துவரின் கையெழுத்தில்லாமல் இறக்க மாட்டார்கள். அந்தக் கையெழுத்தைக் கிளம்பும் முன்பே வாங்கி வையுங்கள். கடற்கரைச் சிற்றூரில் மருத்துவரைத் தேடி ஒரு நாளை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டேங்க், உபகரணங்கள் எல்லாவற்றையும் காரில் கொண்டுபோக வேண்டுமா?

டேங்கை அங்கங்கே வாடகைக்கு எடுப்பதே நல்லது. பரவலாகப் பயன்படும் 11 லிட்டர் அலுமினிய டேங்க் நிரப்பிய நிலையில் ஏறத்தாழ 17 கிலோ எடை இருக்கும். உள்ளே 200 பார் அழுத்தம் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டலம்). கட்டாமல் டிக்கியில் போட்டால் ஒவ்வொரு வளைவிலும் உருளும். சட்டென்று பிரேக் பிடித்தால் நேராக முன்னிருக்கைக்கு வரும். கொண்டுபோயே தீர வேண்டும் என்றால் படுக்கவைத்து, இரு பக்கமும் அசையாமல் கட்டி, வால்வு எதிலும் இடிக்காதபடி வையுங்கள். வெயிலில் மூடிய காருக்குள் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் டேங்கின் அழுத்தம் ஏறத்தாழ 0.7 பார் கூடும். டேங்க் அதற்காக வெடித்துவிடாது என்றாலும், நாள் முழுவதும் அப்படியே கிடக்கவிடுவது நல்ல பழக்கமன்று. நீரழுத்தச் சோதனை முத்திரை காலாவதியான டேங்கை எந்தப் பொறுப்பான மையமும் நிரப்பித் தராது. பல நாடுகளில் அந்தச் சோதனை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை.

சொந்தமாகக் கொண்டுபோக வேண்டியவை என்று நான் கருதுவது மூன்றுதான்: முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் மாஸ்க், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும், நீங்கள் படித்துப் பழகிய டைவ் கம்ப்யூட்டர், உடலை ஒட்டி அணியும் உங்கள் அளவு வெட்சூட். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், கரையில் இதமாகத் தோன்றும் வெப்பநிலையிலும் நீருக்குள் அரை மணி நேரத்தில் பல் கிட்டித்துவிடும். தளர்வான வாடகை வெட்சூட்டுக்குள் குளிர்நீர் புகுந்து புகுந்து வெளியேறுவதால் அது இருந்தும் பயனில்லை.

அதை உலர்த்துவது தனிக் கலை. ஈர வெட்சூட்டை இரவில் காருக்குள் விட்டால் காலையில் கண்ணாடி முழுவதும் பனி படிந்திருக்கும். கூடாரத்துக்குள் விட்டால் ஸ்லீப்பிங் பேக் வரை நாறும். நன்னீரில் அலசி, தோளில் தொங்கவிடாமல் இடுப்பில் மடித்துப் போட்டு, நிழலில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். உப்பேறிய சாமான்களுக்கு மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, மலையேற்றச் சாமான்களுக்கு இன்னொன்று என்று பிரித்துவிட்டால், உப்பு கூடாரத்தின் ஜிப்பைக் கெடுக்காது, மலை மண் டேங்கின் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டருக்குள் போகாது.

கடற்கரையில் கூடாரம் எங்கே அடிப்பது?

முதலில் அங்கே அடிக்க அனுமதி உண்டா என்று பாருங்கள். பல கடற்கரைகள் ஆமைகளும் பறவைகளும் முட்டையிடும் இடங்கள் என்பதால் மூடப்பட்டிருக்கும். அனுமதி உண்டு என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது கடந்த ஓதம், அதாவது கடல்நீர் ஏற்றம், விட்டுச்சென்ற கோடு. உலர்ந்த பாசி, சிறு குச்சிகள், உடைந்த சிப்பிகள், மிதவைத் துண்டுகள், ஒற்றைச் செருப்பு என்று ஒரு வரிசை மணலில் நீளமாகக் கிடக்கும். நீர் கடைசியாக எட்டிய இடம் அது. சில சமயம் அதற்கும் மேலே, வெளிறிப்போன பழைய பாசியோடு இரண்டாவது கோடு இருக்கும். அதுதான் பெரிய ஓதத்தின் கோடு. அதற்கும் மேலேதான் கூடாரம் அடிக்க வேண்டும்.

நான் ஒரு முறை முதல் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு, அதிலிருந்து பத்தடி தள்ளி, கைக்கு நன்றாக உலர்ந்திருந்த மணலில் அடித்துவிட்டேன். அமாவாசைக்கு மறுநாள் என்பது நினைவில் இல்லை. இரவு இரண்டு மணிக்குக் கால்மாட்டில் ஏதோ குளிர்ந்தது. தண்ணீர் பாட்டில் சாய்ந்துவிட்டது என்று நினைத்து விளக்கைப் போட்டால், கூடாரத்தின் தரைத்துணி ஒரு பக்கம் மெத்தைபோல் தூக்கிக்கொண்டு அசைந்துகொண்டிருந்தது. அடியில் கடல். அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும், பெரும்பாலும் அதற்கு அடுத்த ஓரிரு நாட்களில், ஓதம் மிக உயரமாக ஏறும் என்று படித்தது அதன் பிறகு மறக்கவில்லை.

மணலில் சாதாரண முளைகள் நிற்காது. ஒரு பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தால் எந்தக் காற்றுக்கும் அசையாது. வறண்டு கிடக்கும் ஓடைப் படுகையிலும், கற்கள் உதிர்ந்து கிடக்கும் பாறை முகட்டின் அடியிலும் அடிக்க வேண்டாம்; கீழே கற்கள் கிடக்கின்றன என்றால் மேலிருந்து விழுகின்றன என்று பொருள். கழிப்பிடத்துக்காகக் குழி தோண்ட நேர்ந்தால் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் போதும். நன்னீர் நிலைகளிலிருந்தும் முகாமிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

மழையாக இருந்தால் கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைக்கலாமா?

கூடாது. வாயிலைத் திறந்து வைத்தாலும் கூடாது. அடுப்பிலிருந்து வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருவதாக நினைத்தே மயங்கிவிடுவீர்கள். கரியடுப்புக்கும் காருக்குள் பற்றவைக்கும் அடுப்புக்கும் இதே பதில்தான்.

கடலோர மலைப்பாதைகளில் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

ஓத அட்டவணை. உள்நாட்டு மலையில் நடப்பவர் வானத்தைப் பார்த்தால் போதும்; கடலோரத்தில் நடப்பவர் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். பல பாதைகள் ஒரு முனையைச் சுற்றும்போது பாறைக்கும் அலைக்கும் நடுவே மணலில் இறங்கிப் போகும். ஒரு பக்கம் ஏற முடியாத பாறை, மறுபக்கம் ஏறிவரும் நீர். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறி இரண்டு முறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே ஒவ்வொரு நாளும் ஓதம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று பத்து மணிக்குக் கடந்த இடத்தை இன்றும் அதே நேரத்தில் கடக்கலாம் என்று எண்ணக் கூடாது.

நீர் ஒரே சீராக ஏறுவதில்லை என்பதும் முக்கியம். மாலுமிகள் பயன்படுத்தும் பன்னிரண்டில் பங்குக் கணக்குப்படி, மொத்த ஏற்றத்தின் 12 பங்குகளில் முதல் மணியில் 1 பங்கு, இரண்டாம் மணியில் 2, மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று, பிறகு 2, கடைசியில் 1. அதாவது முதல் மணி நேரத்தில் ஏறும் வேகத்தைப் பார்த்து, ‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்று உட்கார்ந்துவிட்டால், மூன்றாம் மணியில் அது மும்மடங்கு வேகத்தில் வரும். நீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே அந்த முனையைத் தாண்டிவிடும்படி நடையைத் தொடங்குங்கள். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரங்களுக்கும் இதே விதி.

நடை நேரத்தைக் கணிக்க ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இது ஓய்வைக் கணக்கில் சேர்க்காத கணக்கு. மென்மணலில் கால் புதையும் நடைக்கு இதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்வது என் வழக்கம். முகட்டின் விளிம்பில் புல் அடர்ந்திருந்தால் அதன் அடியில் மண் அரித்துப் போயிருக்கலாம். படத்துக்காக அங்கே போய் நிற்க வேண்டாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓட்டலாம்?

நான்கு மணி நேரத்துக்கு மேல் திட்டமிடாதீர்கள். கடலோரச் சாலை நேர்கோட்டில் போவதில்லை. வரைபடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் எதிர்க்கரைக்கு விரிகுடாவை முழுக்கச் சுற்றித்தான் போக வேண்டும். இரண்டு டைவ் செய்த நாளில் தொலைதூரம் ஓட்டவே வேண்டாம். குளிரும் உழைப்பும் சேர்ந்து பிற்பகலில் கண்ணை இழுக்கும். டைவ் செய்யாத ஒருவர் உடன் இருந்தால் அன்று அவர் ஓட்டட்டும்.

சளி பிடித்திருந்தால், காது அடைத்தால்?

டைவை ஒத்திப்போடுங்கள். முதல் 10 மீட்டரிலேயே அழுத்தம் இரட்டிப்பாகிவிடுவதால், காதுக்குச் சோதனை ஆழத்தில் இல்லை, மேற்பரப்புக்கு அருகில்தான் இருக்கிறது. மூக்கடைப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு இறங்குபவர்கள் இருக்கிறார்கள்; நீருக்கடியில் மருந்தின் வேகம் தணிந்துவிட்டால், மேலே வரும்போது உள்ளே விரியும் காற்று வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்ளும். இறங்க முடியாவிட்டால் படகில் இருக்கலாம். ஏற முடியாவிட்டால் எங்கே இருப்பது?

டைவிங் செய்யாதவரும் கூட வருகிறார். அவருக்கு அந்த நாட்களில் என்ன வேலை?

அவரைக் கரையில் காக்க வைக்காதீர்கள். கடலோர நடைகளில் மிக நல்லதை அவருக்காகவே டைவ் நாளில் வையுங்கள். மேலும், நீங்கள் எத்தனை மணிக்கு இறங்கினீர்கள், எப்போது மேலே வந்தீர்கள், இரவு எந்தச் சாலையில் போகிறீர்கள் என்பதையெல்லாம் குறித்து வைத்திருக்கும் ஒருவர் கரையில் இருப்பது பெரிய பாதுகாப்பு.

கடல் ஒத்துழைக்காவிட்டால் என்ன செய்வது?

காத்திருப்பதற்காக ஒதுக்கிய நாளை இப்போது எடுங்கள். பெருமழைக்குப் பிறகு ஆற்று நீர் கலந்து இரண்டு மூன்று நாள் எதிரே நீட்டிய கைகூடத் தெரியாது. அப்போது டைவ் செய்வதில் ஆபத்தும் உண்டு, பயனும் இல்லை. காற்று ஒரு திசையிலிருந்து வீசினால் முனையின் மறுபக்கத்தில் கடல் அமைதியாக இருக்கக்கூடும். சாலைப் பயணத்தின் பெரிய வசதியே இதுதான்: ஒரு விடுதியில் அடைபட்டவர் ஜன்னல் வழியாக அலையைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் 40 கிலோமீட்டர் தள்ளிப் போய் வேறொரு விரிகுடாவில் இறங்கலாம். எந்தப் பக்கம் போவது என்று அந்தக் கரையில் தினமும் படகு விடுபவர்களிடம் கேளுங்கள். அவர்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னால், முன்பணம் போய்விடுமே என்று வாதாட வேண்டாம்.

டைவுக்குப் பிறகு உடம்புக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றினால்?

மூட்டு வலி, தோலில் திட்டுத் திட்டான தடிப்பு, காரணமில்லாத அசதி, மரத்துப்போதல், தலைசுற்றல், நடை தள்ளாடுதல், சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவற்றில் எது வந்தாலும் அழுத்த நீக்க நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் வெளிப்படும். அபூர்வமாகவே ஒரு நாள் கடந்து வரும். ‘தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்’ என்று கூடாரத்துக்குள் போய்ப் படுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

படுக்கவைத்து, கிடைக்குமானால் தூய ஆக்ஸிஜன் கொடுத்து, உடனே அவசர மருத்துவ உதவியை அழையுங்கள். வலி தணியும் என்று மறுபடி நீருக்குள் இறக்கக் கூடாது. சிகிச்சை உயரழுத்த அறையில்தான். அது எல்லா மருத்துவமனையிலும் இருப்பதில்லை. ஆகவே உங்கள் பாதையில் மிக அருகில் அத்தகைய அறை எங்கே இருக்கிறது என்பதையும், ‘டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்’ போன்ற அமைப்புகளின் 24 மணி நேர உதவி எண்ணையும் கிளம்பும் முன்பே காகிதத்தில் எழுதி வையுங்கள்; கடலோர வளைவுகளில் தொலைபேசிச் சிக்னல் இருக்காது. அங்கே போகும் சாலை மலையைக் கடக்கிறதா என்றும் பாருங்கள். நோயாளியைக் கணவாய் வழியாகக் கொண்டுபோனால் குமிழிகள் இன்னும் பெரிதாகும். அரை மணி நேரம் கூடுதலானாலும் தாழ்வான சாலையே சரி. வேறு வழியே இல்லையென்றால் முதலில் மருத்துவ உதவி எண்ணில் பேசி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

பவளப்பாறைகளுக்கு நம்மால் கெடுதல் வராமல் பார்ப்பது எப்படி?

மூழ்காமலும் மேலெழாமலும் நிற்கும் மிதவைச் சமநிலையைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, காலில் மாட்டிய ஃபின் (துடுப்பு) எங்கே படுகிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. பவளத்துக்குக் கெடுதல் என்று கருதப்படும் ஆக்ஸிபென்சோன் கலந்த வெயில்காப்புக் களிம்புகளின் விற்பனையைப் பசிபிக் தீவு நாடான பலாவு 2020 முதலும் ஹவாய் 2021 முதலும் தடை செய்திருக்கின்றன. நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் களிம்பின் தேவையே குறைந்துவிடும்.

கடைசி நாளை எப்படிக் கழிப்பது?

கடல் மட்டத்திலேயே, அவசரமில்லாமல். முந்தைய நாளின் கடைசி டைவ் எத்தனை மணிக்கு முடிந்தது என்று பார்த்து, அதிலிருந்து 24 மணி நேரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். டைவ் கம்ப்யூட்டரில் விமானக் குறியோடு, பறக்கும் முன் காத்திருக்க வேண்டிய நேரம் ஓடிக்கொண்டிருக்கும்; அது அதற்கு முன்பே அணைந்தாலும் 24 மணி நேரத்தைக் குறைக்க வேண்டாம். அந்த நாளில் செய்ய வேண்டிய வேலைகள் எப்படியும் இருக்கின்றன. ரெகுலேட்டரில் டேங்கோடு இணையும் பகுதியான முதல் கட்டத்தை மூடியால் அடைத்துவிட்டு நன்னீரில் ஊறவையுங்கள். கூடாரத்தை உதறி, அதன் ஜிப்புகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். மலைக்காலணியின் அடியில் ஒட்டிய மண்ணையும் விதைகளையும் அங்கேயே சுரண்டி எடுங்கள், அடுத்த மலைக்கு அவை போக வேண்டாம். வெட்சூட்டை மட்டும் கடைசியாக மடியுங்கள். இடது முழங்கை மடிப்புக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரம் மிஞ்சியிருக்கும்.